எக்ஸ்ரே பிலிமில் பார்த்த கிரகணம்

கிரகணம் விட்டதும் குளிக்கலாம் என்று குற்றாலம் அருவிக்குப் போயிருந்தேன். அங்கே சிப்ஸ் கடை வைத்திருக்கும் மாரியப்பன் பழைய எக்ஸ்ரே பிலிம் ஒன்றை நீட்டினான்.

"சும்மா பாரும் அண்ணாச்சி, ஒண்ணும் செய்யாது."

கிரகணக் கண்ணாடி இல்லாமல் பார்க்கக் கூடாது என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தும் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் ஒரு கரும்புள்ளி. விழித்திரை வெந்துவிட்டது, இனி சரியாகாது என்றார் தென்காசி டாக்டர்.

மாதக்கணக்கில் கருவிக்கொண்டிருந்தேன். அவன் முகம் செத்துப்போவதைப் பார்த்தே தீர வேண்டும் என்று, கடையில் கூட்டம் நிறைந்த நேரமாகப் போய் நின்றேன்.

"ஒண்ணும் செய்யாதுன்னியேலே. இப்ப உன் மூஞ்சியே எனக்குத் தெரியலலே."

அவன் அழுததாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். நான் பார்த்த இடத்தில் புள்ளிதான் இருந்தது.

பிலிமைத் தூக்கிப் பிடித்தது என் கைதான், தெரியும். ஆனாலும் அவன் அழுததைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லையே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.