குழந்தைகளுக்குக் கேட்ட கம்பளி

எழுபதுகளின் கடைசியில், விளாத்திகுளம் சாலையில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில், செவ்வாய்தோறும் பெண்களுக்கு வைத்தியம் நடக்கும். தொலைவில் இருந்த மருத்துவக் கல்லூரியிலிருந்து லேடி டாக்டர் ஜீப்பில் வருவார். ஜீப், மருந்து, ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் கடல் கடந்த ஊர்களின் பெண்கள் கமிட்டிகள் உதவின. அவர்களுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவது என் வேலை. கோவில்பட்டியில் டைப்பிங் பாஸ் பண்ணியவள் என்ற திமிர் எனக்கு உச்சந்தலை வரைக்கும் இருந்தது.

ஒரு தடவை கமிட்டியிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் நேரிலேயே வந்தார். டாக்டர் உள்ளே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் வெளியே பெஞ்சில் பெண்களோடு ஒட்டி உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன வேண்டும், நீங்களே சொல்லுங்கள்" என்றார். நான் தமிழில் சொன்னேன். ஆடு மேய்க்கும் வீட்டுக்காரி ஒருத்தி, ஐந்து பெற்றவள், என் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு பேசினாள்.

"தாயி, எனக்குக் கர்ப்பப்பை எறங்கி வெளிய வந்துருது. கொடம் தூக்க முடியல, பருத்தி எடுக்கக் குனிய முடியல. பழந்துணியச் சுருட்டி வச்சுத்தான் நடமாடுதேன். ஆபரேசன் சும்மாவே பண்ணுதாவ, சரி. பத்து நாள் தொணைக்கு வாறவ எங்கன படுப்பா, எங்கன கஞ்சி காய்ச்சுவா? அதுக்கு ஒரு எடம் கட்டித் தரச் சொல்லு. நாங்க வந்துருவோம்."

துணையில்லாமல் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் ஆஸ்பத்திரியில் படுக்க மாட்டாள். அது அந்த வெள்ளைக்கார அம்மாளுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லியிருந்தால்தான் தெரியும். ஆனால் ஜன்னலோரம் ஹெட்மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். இங்கிலீஷ் தெரிந்தவர், எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். கர்ப்பப்பை என்ற வார்த்தையை அவர் காது கேட்க எந்த மொழியிலும் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"மார்கழியில் குழந்தைகளுக்குக் குளிர்கிறதாம்" என்று இங்கிலீஷில் சொன்னேன். கரிசல் காட்டில் குளிராம்! அந்த அம்மாள் நோட்டில் குறித்துக்கொண்டார். அப்புறமாவது கடிதத்தில் உண்மையை எழுதியிருக்கலாம். எழுதினால் அன்று சொன்னது பொய்யென்று தெரிந்துவிடுமே என்று விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் என்னை யாராவது செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

அடுத்த கோடையில் மூட்டை வந்தது. உள்ளே குழந்தைகளுக்கான கம்பளிக் குல்லாய்கள், காலுறைகள், சின்னச் சின்னச் சால்வைகள். ஒவ்வொன்றும் கையால் பின்னியது. கத்திரி வெயிலில் வியர்க்க விறுவிறுக்க அதை நான்தான் பங்கிட்டேன். அந்த ஆடு மேய்க்கும் வீட்டுக்காரி தன் பங்குக்கு வந்த சால்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் சொன்னத அவிய காதுல போட்டியா தாயி?"

"போட்டேங்க்கா. அவிய இதத்தான் அனுப்பியிருக்காவ."

அவள் கோபப்படவே இல்லை. "பாவம், அவியளும் பொம்பளைகதான. என்ன முடியுமோ அதச் செய்யுதாவ" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து டாக்டர் அவளைப் பரிசோதித்தபோது நான் திரைக்குப் பக்கத்தில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். நர்ஸ் தட்டில் எதையோ எடுத்து வைத்தாள். பழந்துணிக்குப் பதிலாக அந்தச் சால்வை, கத்தரித்து, சுருட்டி, ரத்தக் கறையோடு.

ஆபரேஷனுக்கு வரச்சொல்லி டாக்டர் மறுபடியும் சொன்னார். துணைக்கு ஆளில்லை என்று அவள் மறுபடியும் சொன்னாள். சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தவள் என் மேஜைமுன் நின்றாள்.

"பழந்துணி மாரி இல்ல, மெத்துனு இருக்கு தாயி. நான் கும்பிட்டேன்னு அவியளுக்கு எழுது."

எழுதினேன். நீங்கள் அனுப்பிய கம்பளி இங்குள்ள தாய்மார்களுக்கு மிகவும் பயன்படுகிறது என்று, பிழையில்லாத இங்கிலீஷில்.