பழைய ஷிஃப்ட்

மின்விசிறி செய்யும் அந்தக் கம்பெனியில் பெயிண்ட் பிரிவில் இருந்தவருக்கு ஸ்பீக்கர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவர் காதில் விழுவது சம்பளத்தன்று மட்டும்தான். இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே அப்படியொரு தொண்டை வாய்த்துவிட்டது. அவர் ஃபோன் பேசினால் அந்தத் தெருவில் வேறு யாருக்கும் டிவி தேவையில்லை.

கம்பெனியை இழுத்து மூடிய பிறகு ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். ஸ்பீக்கர் ஜெராக்ஸ் கடை போட்டார். மூலையில் வாடகைக்கு விட்டிருந்த கம்ப்யூட்டரில் மற்றவர்கள் செய்வதை எட்டி எட்டிப் பார்த்தே வலைத்தளம் கட்டும் அளவுக்குத் தேறிவிட்டார். பழைய சகாக்களின் ஃபோன் குழுவில் காலை வணக்கமும் கைவைத்தியமும் தவிர எதுவும் வருவதில்லை. கடுப்பாகி, நம் ஆட்களுக்கு மட்டும் தனியாக ஓர் இடம் கட்டுகிறேன் என்று கிளம்பினார்.

“வேற வேலையே இல்லையா உங்களுக்கு?” என்றாள் மனைவி. உண்மையிலேயே இல்லை. ஜெராக்ஸ் எடுக்க இப்போது யார் வருகிறார்கள்?

தளத்துக்குப் ‘பழைய ஷிஃப்ட்’ என்று பெயர் வைத்தார். கண்டவர்களும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக வாசலில் ஒரு கேள்வி: கேன்டீன் கதவு சிக்கிக்கொண்டால் எந்த இடத்தில் உதைக்க வேண்டும்? உள்ளே வேலை பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். கம்பெனி முதலாளியே வந்தாலும் வெளியில்தான் நிற்க வேண்டும்.

உள்ளே வந்தால் பட்டப்பெயர்தான். அந்தக் கம்பெனியில் ஒரே பெயரில் ஏகப்பட்ட பேர் இருந்ததால் நிஜப் பெயரைச் சொன்னால் யாருக்கும் யாரையும் தெரியாது. அதனால் ஒவ்வொருவர் பக்கத்திலும் நிஜப் பெயருக்கு மேலே பட்டப்பெயர் கொட்டை எழுத்தில் வரும். அது எப்படி வந்தது என்பதற்கும் ஒரு வரி உண்டு. நெளிந்து நெளிந்து நடக்கும் ஃபோர்மன் மண்புழு. மோட்டாருக்குக் காயில் சுற்றும் பிரிவில் கை தெரியாத வேகத்தில் சுற்றியவள் பம்பரம்; அவள் மட்டும் இன்னும் தளத்துக்கு வந்து சேரவில்லை. ஆட்கள் வரவர ஸ்பீக்கருக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், “இரு, மண்புழு வந்திருக்கான்” என்பார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒருநாள் செக்கர் மேடம் சேர்ந்தார். ஓடும் மின்விசிறியின் அருகே காதை வைத்துச் சத்தம் பார்ப்பது அவருடைய வேலை. கதவு ஜன்னலெல்லாம் சாத்திய அறைக்குள் தனியாக உட்கார்ந்திருப்பார். லேசாக முனகினாலும் விசிறியைத் திருப்பி அனுப்பிவிடுவார். யாரோடும் அதிகம் பேசியதில்லை. இங்கேயும் பட்டப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, நிஜப் பெயரில் ஒரே ஒரு பதிவு போட்டிருந்தார். பம்பரத்தைத் தேடுகிறேன், இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடுவோம், அவள் நம்பர் தொலைந்துவிட்டது, தெரிந்தவர்கள் சொல்லவும்.

ஒரு வாரமாகியும் யாரும் வாய் திறக்கவில்லை. செக்கர் மேடத்தின் நிஜப் பெயரில் ஒருத்தி இருந்ததே யாருக்கும் நினைவில்லை. ஸ்பீக்கருக்கு மனசு கேட்கவில்லை. கட்டியவர் அவர், சாவியும் அவர் கையில்தானே? காலியாக இருந்த கட்டத்தில் அவரே பட்டப்பெயரை நிரப்பினார்: ஒப்பாரி. கீழே ஒரு வரி: ‘லேடீஸ் பாத்ரூமில் மேடம் வைத்த கச்சேரிக்கு ஸ்டோர்ஸ் வரைக்கும் ரசிகர்கள் உண்டு!’ கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை.

தளம் அமர்க்களப்பட்டுவிட்டது. ‘அட, நம்ம ஒப்பாரியா!’ என்று மண்புழு குதித்தான். ஆளாளுக்குச் சிரிப்பு. யாரோ சொல்லி, சாயங்காலத்துக்குள் பம்பரமே தளத்துக்கு வந்து சேர்ந்தாள். ‘ஐயோ, நம்ம ஒப்பாரி! எங்கடி இருக்கே? நம்பர் குடு’ என்று எழுதியிருந்தாள். ஸ்பீக்கருக்கு வாயெல்லாம் பல். பிரிந்த சிநேகிதிகளைச் சேர்த்துவைத்த பெருமை தாங்காமல் அடுப்படிக்குப் போய் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார்.

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள். “பாத்ரூம்ல என்ன பாடுவாங்க?”

“பாட்டு இல்லடி. உள்ள போய் அழும். தினமும். வெளிய எல்லாருக்கும் கேக்கும். அதான் அந்தப் பேரு.”

“அந்தப் பேரு அவங்களுக்குத் தெரியுமா?”

தெரியாமலா இருக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். யோசித்துப் பார்த்தார். அந்தப் பெண் வந்தால் எல்லோரும் பேச்சை மாற்றுவார்கள். எதிரில் செக்கர் மேடம். முதுகுக்குப் பின்னால்தான் மற்றது. வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, அது ஒரு வசவு என்பதே மறந்துபோயிருந்தது. ஸ்பீக்கரின் முகத்தில் ஈயாடவில்லை.

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். யார் எதைப் பார்த்தார்கள் என்று காட்டப் பச்சைப் புள்ளி ஒன்று வைத்திருந்தார். தன் தளத்திலேயே அதுதான் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று பீற்றிக்கொள்வார். செக்கர் மேடம் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். ஒவ்வொரு சிரிப்புக்குப் பக்கத்திலும் ஒரு பச்சைப் புள்ளி. பம்பரம் எழுதியதற்குப் பக்கத்திலும்தான்.

பெயரை அழித்தார், வரியை அழித்தார், சிரிப்புகளை அழித்தார். அழித்து என்ன பிரயோசனம்? மறுநாள் காலையில் ஃபோனைக் கையில் எடுத்தபோது மனைவி, “ஃபோன்ல சொல்ற விஷயமா இது? நேர்ல போங்க” என்றாள்.

தளத்தில் சேரும்போது செக்கர் மேடம் கொடுத்திருந்த நம்பருக்கு, நேரில் வரலாமா என்று கேட்க மட்டும் ஃபோன் செய்தார். “வாங்க” என்றார் செக்கர் மேடம். குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

வீடு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேஜை, நாற்காலி ஒன்றே ஒன்று. அதை ஸ்பீக்கருக்குப் போட்டுவிட்டு, செக்கர் மேடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்பீக்கர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பு முழுக்க மறந்துபோனது. “தப்பு நடந்துபோச்சு மேடம். யோசிக்காம போட்டுட்டேன்” என்று முனகினார். பக்கத்து அறையில் ஆள் இருந்தால்கூடக் கேட்டிருக்காது.

செக்கர் மேடம் கட்டிலில் உட்கார்ந்தார். “நான் குழாயத் திறந்துவிட்டுட்டுத்தானே அழுவேன்?” என்றார். “அப்பவும் கேட்டுச்சா?”

இதற்கு ஸ்பீக்கர் ஒத்திகை பார்க்கவில்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். இந்த அம்மாவிடம் அதற்கும் மனசு வரவில்லை.

“கேட்டுச்சு மேடம்.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்.”

“முகமெல்லாம் கழுவி, பவுடர் போட்டுக்கிட்டுத்தான் வெளிய வருவேன். யாருக்கும் தெரியலன்னு எனக்குள்ள ஒரு பெருமைகூட இருந்துச்சு. இத்தனை வருஷமா.” அவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் ஸ்பீக்கர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பால் அடித்தால் வாங்கிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம்.

“பம்பரம் நேத்துலேர்ந்து உங்க நம்பரக் கேக்குறாங்க” என்றார், வேறு என்ன பேசுவதென்று தெரியாமல். “அவங்க பாசமாத்தான் எழுதியிருக்காங்க மேடம். குடுக்கட்டுமா?”

“அவ எனக்குச் சோறு ஊட்டிவிட்டிருக்கா, தெரியுமா? ஒருநாள் கூட என்னன்னு கேட்டதில்ல. தெரியாததாலதான் கேக்கலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.” முந்தானையால் கட்டில் விளிம்பைத் துடைத்தார், அங்கே தூசி எதுவும் இல்லை. “வேண்டாம். குடுக்காதீங்க.”

“சரிங்க மேடம்.”

“உங்க மேல கோபம் இல்ல. பேரு வச்சதக்கூட விடுங்க. அந்த வயசுல எல்லாரும் வைக்கிறதுதான்.” அவர் எழுந்து வாசல் வரை வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்த ஸ்பீக்கரிடம், குறை சொல்வதாக இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்:

“அத்தனை பேருக்குக் கேட்டுச்சே. ஒருத்தராவது வந்து அந்தக் கதவத் தட்டியிருக்கலாம்ல?”