ஜெர்சியின் மேல் உட்கார்ந்தவர்

விளையாட்டு மருத்துவம் படிக்க எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் டாக்டர்களை நாங்கள் ஓர் இடத்தில் உட்கார விடுவதில்லை. இரண்டு மாதம் எலும்புப் பிரிவு, இரண்டு மாதம் பிசியோதெரபி, ஒரு மாதம் இதயப் பிரிவு என்று சுற்றிவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்து சேர்வார்கள். என்னுடைய சுற்றுக்குப் பெயர் 'கிரவுண்டு'. புதன்கிழமை மதியம் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை மைதானம். திண்டுக்கல்லைச் சுற்றி எந்த ஊரில் கபடி நடந்தாலும் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் நிற்க வேண்டும். ஏசி அறையில் படித்துத் தேறிய பிள்ளைகள் இரண்டே மாதத்தில் கறுத்து, குரல் கட்டி, கொஞ்சம் மனிதர்களாகித் திரும்பிப் போவார்கள்.

எனக்கு முன்கோபம் உண்டு. மறைத்துப் பயனில்லை, என்னிடம் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். தோல் வியாபாரம் செய்த என் அத்தாவிடமிருந்து வந்த சொத்து அது ஒன்றுதான். வகுப்பில் யாராவது மென்று விழுங்கினால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். அப்படிப்பட்டவளிடம்தான் தொப்பம்பட்டிக்காரர் வந்து மாட்டினார்.

பழனிப் பக்கம் தொப்பம்பட்டியில் தென்னையும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். ஆறடி உயரம், நல்ல படிப்பு. பேச்சுதான் வராது. ஒரு கேள்வி கேட்டால் முதலில் "ஏனுங்க மேடம்" என்பார். பிறகு கூரையைப் பார்ப்பார். பிறகு பேனாவை மூடுவார். அதற்கப்புறம்தான் பதில் கிளம்பும், அதுவும் சரியான பதிலாகவே இருந்து தொலைக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "நீ பதில் சொல்றதுக்குள்ள பேஷன்ட்டுக்கு எலும்பு தானாவே கூடிரும்ப்பா" என்று சொல்லிவிட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாரோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. திட்டிக்கொண்டே இருந்தேனே தவிர, அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆட்டக்காரர்களுக்கும் பிடிக்கும். ஒரு விரலுக்குக் கட்டுப் போடுவதற்குள் அவன் ஊர், வேலை, தங்கச்சி கல்யாணம் வரை விசாரித்து முடித்திருப்பார்.

தலையில் அடிபடுவதைப் பற்றி நான் எடுக்கும் வகுப்பு எனக்கே பிடித்த வகுப்பு. கபடியில் தலை முட்டுவது சாதாரணம். அடிபட்டவன் எழுந்து சிரித்துக்கொண்டு நிற்பான், ஆனால் மூளை உள்ளே குலுங்கிப் போயிருக்கும். அதே நாளில் இன்னொரு அடி விழுந்தால் ஆளே போய்விடலாம். அதைக் கண்டுபிடிக்க மைதானத்திலேயே ஐந்து கேள்வி கேட்க வேண்டும். எங்கோ வேறு நாட்டு ஆட்டத்துக்காக எழுதிய கேள்விகளை நம் ஊர்க் கபடிக்கு ஏற்றபடி நானே மாற்றி, அட்டையில் அடித்து, ஆளுக்கொன்று கொடுத்திருந்தேன். இது எந்த ஊர்? இப்போது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசிப் புள்ளி எடுத்தது யார்? முந்தின மேட்ச் யாரோடு? அதில் ஜெயித்தீர்களா? ஒரு பதில் தப்பினாலும் அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது.

"சொன்னா கேக்க மாட்டாய்ங்க" என்று வகுப்பில் சொல்வேன். "அதனால முதல்ல ஜெர்சியக் கழட்டி வாங்கிருங்க. ஜெர்சி இல்லாம நடுவர் உள்ள விட மாட்டாரு. கலெக்டரே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

எங்கள் பக்கத்துக் கபடியில் ஒரு வழக்கம் உண்டு. அணிக்குப் பெயர் ஒரு ஊருடையதாக இருக்கும், ஏழு பேரில் மூன்று பேர் வேறு ஊர்க்காரர்களாக இருப்பார்கள். நன்றாகப் பாடிப் போகிறவனுக்கு, அதாவது மூச்சுப் பிடித்து எதிரணிக்குள் ஏறித் தொட்டுவிட்டு வருகிறவனுக்கு, எப்போதும் கிராக்கி. இந்த வாரம் ஓர் ஊருக்கு ஆடுவான், அடுத்த வாரம் அந்த ஊரையே எதிர்த்து ஆடுவான். முதுகில் யாரோ ஒருவனுடைய பெயர் போட்ட ஜெர்சியை மாட்டிக்கொண்டு இறங்குவான். இவர்களை 'இறக்குமதி' என்பார்கள். இந்த விவரமெல்லாம் எனக்கு அத்துபடி என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்ச் அகரத்தில். காலையில் எங்கள் குடும்பத்தில் ஒரு நிக்காஹ் இருந்ததால் தொப்பம்பட்டிக்காரரைத் தனியாக அனுப்பிவிட்டு, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பட்டுத் துப்பட்டாவைக்கூட மாற்றாமல் மைதானத்துக்குப் போனேன். அரையிறுதி நடந்துகொண்டிருந்தது. அகரம் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது, இன்னும் ஏழு நிமிடம். கூட்டம் கயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது.

அகரத்துக்காகப் பாடிப் போனவன் ஒரு இறக்குமதி. ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பிள்ளை, இருபத்திரண்டு வயது இருக்கலாம், வார நாளில் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். அவனை மூன்று பேர் சேர்ந்து அமுக்கினார்கள். விழும்போது ஒருவனுடைய முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. ஒரு நொடி அசையாமல் கிடந்தான். பிறகு எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

தொப்பம்பட்டிக்காரர் அதற்குள் உள்ளே போய் அவனை வெளியே கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்து, ஜெர்சியைக் கழற்றி வாங்கிவிட்டார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். அவர் அட்டையைப் பார்க்காமலே கேட்டார்.

"இது எந்த ஊருங்க?"

"அகரமுங்க."

"இப்ப முதல் பாதியா, ரெண்டாம் பாதியா?"

"ரெண்டாவதுங்க."

"கடைசிப் பாயின்ட் ஆருங்க எடுத்தது?"

"அவிங்கதான். என்னையத்தான அமுக்கிப் போட்டாங்க" என்று சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

"இதுக்கு முந்துன மேட்ச் ஆரு கூட ஆடுனீங்க?"

கொஞ்சம் யோசித்தான். "கீரனூருங்க."

"அதுல ஜெயிச்சீங்களா?"

"தோத்துட்டமுங்க."

அகரம் அணியின் கேப்டனுக்குப் பொறுமை போய்விட்டது. "சார், அது போன வாரம் வேற டீமுக்கு ஆடுனது. ஏலே அப்பு, அந்த ஜெர்சிய வாங்குலே, டைம் போகுது" என்று தன் ஆளிடம் கத்தினார்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். "இறக்குமதி ஆளுப்பா இவன்" என்றேன். "வாரத்துக்கு மூணு டீமுக்கு ஆடுறவன்கிட்டப் போயி முந்துன மேட்ச் எதுன்னா எதைச் சொல்லுவான்? என் கேள்வியிலதேன் ஓட்டை. விடு, ஆடட்டும்."

"இல்லீங்க மேடம்" என்றார் தொப்பம்பட்டிக்காரர். "காலையில இவருக்கு விரலுக்குக் கட்டுப் போட்டனுங்க. அப்பத்தான் தாடிக்கொம்பு டீமை ரெண்டு பாயின்ட்ல ஜெயிச்சுட்டு வந்தாருங்க. எப்படி ஜெயிச்சோமுன்னு அத்தனையும் எங்கிட்டச் சொன்னாருங்க. இப்ப அது அவருக்கு ஞாபகத்துல இல்லீங்க."

அதோடு நான் நிறுத்திக்கொண்டிருக்க வேண்டும். காலையில் நான் அங்கே இல்லை, அவர் இருந்தார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் விழாக் கமிட்டிக்காரர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு "டாக்டரம்மா, செத்தச் சீக்கிரம் சொல்லுங்கம்மா" என்கிறார், கூட்டம் விசில் அடிக்கிறது, அந்தப் பிள்ளையோ "எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்று எழுந்து நிற்கிறான். சொல்லிவிட்ட சொல்லை இத்தனை பேர் முன்னால் மாற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"ஜெர்சியக் குடுத்துருப்பா" என்றேன்.

அவர் கூரையைப் பார்க்கிற பழக்கத்தில் வானத்தைப் பார்த்தார். பிறகு, "மன்னிச்சுக்குங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, ஜெர்சியை நாலாக மடித்து, காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். ஆறடி ஆள் பாரத்தில் நாற்காலிக் கால்கள் ஈர மண்ணுக்குள் இறங்கின. கேப்டன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். கெட்ட வார்த்தைகள் வந்து விழுந்தன. அவர் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

நான் அப்போது சொன்னதை எழுதக் கை கூசுகிறது. "ஒன்னோட ரிப்போர்ட்ட நாந்தான எழுதணும், தெரியும்ல?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எழுந்திருக்கவில்லை.

நடுவர் விசில் ஊதிவிட்டார். மாற்று ஆள் இறங்கினான். அகரம் மூன்று புள்ளியில் தோற்றது. தோற்றதற்கு யார் காரணம் என்று கமிட்டிக்காரர் மைக்கிலேயே சொன்னார்.

கூட்டம் கலையத் தொடங்கியபோது அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, மேட்ச் எப்பங்க ஆரம்பிக்கும்?" என்று கேட்டான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். இரண்டு நிமிடம் கழித்து அதையே மறுபடி கேட்டான், அதே குரலில். மூன்றாவது தடவை கேட்க வாயைத் திறந்தவன் வாந்தி எடுத்தான்.

ஆம்புலன்ஸில் அவன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே உட்கார்ந்து தொப்பம்பட்டிக்காரர் நாடி பார்த்துக்கொண்டு வந்தார். அகரத்திலிருந்து டவுன் வரைக்கும் நாங்கள் இருவரும் அவனைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. ஸ்கேனில் மூளைக்கு மேல் சின்னதாக ரத்தக் கசிவு. மூளை அறுவை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் தேவைப்படாது, காலையில் இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார். "இதுக்கு மேல இன்னொரு அடி விழுந்திருந்தா நமக்கு வேலையே இருந்திருக்காது" என்றும் சொன்னார். நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். துப்பட்டா முழுக்க வாந்தி வாடை.

யானைக்கும் அடி சறுக்கும் என்று பிறகு பலரும் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். யானை சறுக்கும்போது பக்கத்தில் ஒருவர் நின்று "பாத்துங்க, பாத்துங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. எனக்கு ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஸ்கேனில் கசிவு கூடவில்லை. அந்தப் பிள்ளை கண் விழித்து, இட்லி கேட்டான், எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். முதல் பஸ்ஸுக்கே அவன் அம்மா வந்திருந்தார். மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கிற வேலை. அவனைப் பார்த்துவிட்டு, வயர்கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வராந்தாவில் நின்ற எங்கள் இருவரிடமும் வந்தார்.

"எம்பையனை ஆட உடாம நிறுத்துனது எந்த டாக்டருங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தொப்பம்பட்டிக்காரர் என் பக்கம் கையைக் காட்டி, "மேடந்தானுங்க" என்றார். எதற்கும் யோசித்துப் பேசுகிறவர் இதற்கு யோசிக்கவே இல்லை.

அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கையெல்லாம் வெங்காய வாடை. அவருடைய கண்ணீர் என் விரலில் பட்டதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

"நான் இல்லம்மா" என்றேன். "நான் ஆடட்டும்னுதான் சொன்னேன். இவருதான் கேக்கலை. என்னையவும் எதுத்துக்கிட்டு, ஜெர்சியக் குடுக்காம உக்காந்துட்டாரு. உங்க பிள்ளையக் காப்பாத்துனது இவரு."

தொப்பம்பட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையை உதறிவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை.

"நீங்க இவருக்கு வாத்தியாருங்களா?"

"ஆமாம்மா."

"தப்புன்னா வாத்தியாரையே எதுத்துப் பேசணும்னு எத்தனை வாத்தியாருங்க சொல்லிக் குடுக்கறாங்க? நீங்க குடுத்திருக்கீங்களே, சாமி. நீங்க நல்லா இருக்கோணும்."

குத்திப் பேசுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனதாரத்தான் சொன்னார். மற்ற எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட எனக்கு, அதை நான் யாருக்கும் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை என்பதை மட்டும் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.