கணவாய் என்று சொன்னால் போகலாம்

சிரித்த முகத்தைக் கண்டால் எனக்கு இப்போது முதலில் எரிச்சல்தான் வருகிறது. முன்பு அப்படி இல்லை. அப்படி ஒரு முகத்துக்கு நானும் ஊரோடு சேர்ந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள்தான், அது என் மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகும் வரைக்கும்.

கண்டக்குழியில் ஒரு சின்னப் பாலர் பாடசாலையை நடத்துகிறேன். இருபத்திரண்டு பிள்ளைகள். அதில் ஒன்று என் மகள், ஐந்து வயது. பாடசாலையில் அவள் என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட வேண்டும், வீட்டுக்கு வந்தால்தான் ‘உம்மா’. சட்டம் போட்டவள் நான்; ஆனால் என்னைவிடக் கண்டிப்பாக அதைக் கடைப்பிடிப்பவள் அவள். எவ்வளவு பசித்தாலும் கேற்றைத் தாண்டிய பிறகுதான், “உம்மா, பசிக்குது” என்பாள்.

தெரியாத ஆட்களோடு போகக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். நான் உடனே ஒரு பெரிய படம் வரைந்து சுவரில் ஒட்டினேன். சடைமுடி, சிவந்த கண், தோளில் சாக்கு. கீழே ‘பிள்ளை பிடிகாரன்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். படம் நன்றாக வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை வேறு. இரண்டு நாள் கழித்து, பழைய இரும்பும் போத்தலும் சேர்க்க சைக்கிளில் வருகிறவர் தண்ணீர் கேட்டு கேற்றைத் திறந்தார். தோளில் சாக்கு. இருபத்திரண்டு பிள்ளைகளும் அலறிக்கொண்டு மேசைகளுக்குக் கீழே புகுந்துவிட்டன. “நான் என்ன டீச்சர் செஞ்சன்?” என்று அந்த மனிதர் கேட்டார். தண்ணீரும் குடிக்காமல் போய்விட்டார்.

படத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் சரிவராது, நடித்துத்தான் பழக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். வெளியாள் ஒருவர் வந்து கூப்பிடுவது போல நடிக்க வேண்டும். யார் நடிப்பது? யோசிக்கவே இல்லை. அந்தச் சிரித்த முகத்துக்காரரின் பெயர்தான் வாயில் வந்தது.

கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் பட்டம் பிடித்து அலையில் ஓடுகிற பக்கம் ஒரு ஹோட்டல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள வெளியூரிலிருந்து வந்தவர் அவர். முப்பது வயதிருக்கும். எதிரே யார் வந்தாலும் அவர் சலாம்தான் முந்தும். தொழுகையில் முதல் வரிசை. தமிழ், சிங்களம், இங்கிலிசு மூன்றிலும் பகிடி விடுவார். எங்கள் பாடசாலை ஊஞ்சலின் அறுந்த சங்கிலியைக் கேட்காமலே வந்து பூட்டித் தந்தார். ஒரு வாரத்தில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் அவருக்குப் பாடம். எந்தப் பிள்ளையின் வாப்பா கடலுக்குப் போய் எத்தனை நாளைக்கு வரமாட்டார், எந்தப் பிள்ளையின் உம்மா வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கிறார் என்பதும் தெரிந்து வைத்திருந்தார். அதை அக்கறை என்று நினைத்தேன். நினைத்தது போதாதென்று நாலு பேரிடம் சொல்லியும் திரிந்தேன்.

என் மகளுக்கு மட்டும் அவரைப் பிடிக்கவில்லை. முதல் நாள் அவர் கை நீட்டியபோது என் அபாயாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். எங்கள் வீடுகளில் பெரியவர் வந்தால் பிள்ளை சலாம் சொல்லிக் கை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். டீச்சருடைய பிள்ளையே கை கொடுக்கவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும்? அவள் கையைப் பிடித்து இழுத்து நானே அவர் கைக்குள் வைத்தேன். “மாமாக்கு சலாம் சொல்லு. என்ன வெக்கம்?” என்று அதட்டினேன். அவள் சலாம் சொன்னாள். இப்போதும் சில நேரம் சோறு பிசையும்போது அந்தச் சின்னக் கையின் முறுக்கு என் விரல்களுக்கு ஞாபகம் வருகிறது. 

நடிப்புக்கு முதல் ஓர் இரகசிய வார்த்தை வைத்தோம். உம்மாவோ வாப்பாவோ அனுப்பிய ஆள் என்றால் அந்த வார்த்தை தெரிந்திருக்கும், தெரியாத ஆளோடு போகக் கூடாது. என்ன வார்த்தை வைப்போம் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். கடற்கரைப் பிள்ளைகள் வேறென்ன சொல்லும்? ஒருவன் இறால் என்றான், ஒருத்தி சூடை மீன் என்றாள், கடைசியில் மை கக்கும் கணவாய் வென்றது. கணவாய் என்று சொல்லிச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் அவர்களோடு பாயில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு நடித்தார். டொபியைக் காட்டிக் கூப்பிட்டார், பிள்ளைகள் “வரமாட்டம்!” என்று கத்தினார்கள். உம்மாவுக்குச் சுகமில்லை, ஆசுபத்திரிக்குப் போவோம் என்றார், “வார்த்தை சொல்லுங்க!” என்றார்கள். “இறால்” என்றார், “பிழை!” என்று கூரை பறக்கக் கத்தினார்கள். கடைசியாகக் குனிந்து மெல்ல, “கணவாய்” என்றார். அப்போது ஒரு பிள்ளை எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேற் வரைக்கும் நடந்து போக வேண்டும், அதுதான் பாடம். ஒவ்வொரு பிள்ளையும் தன் முறைக்காகத் துள்ளியது. என் மகளும் போனாள். போகும்போது அவர் அவள் காதில் ஏதோ சொன்னார். எல்லாரும் கை தட்டினோம். என் கைதான் பலமாகத் தட்டியிருக்கும்.

அன்று வீட்டில் அவள், “உம்மா, மாமாக்கும் எனக்கும் ஒரு ரகசியம் இரிக்கு” என்றாள்.

“என்ன ரகசியம்?”

“உம்மாட்ட சொல்லக் கூடாவாம்.”

அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. நான் சிரித்துவிட்டு அகப்பையை எடுத்தேன்.

அடுத்த புதன்கிழமை எனக்குப் புத்தளத்தில் கூட்டம். வகுப்பை என்னோடு படிப்பிக்கும் மற்ற டீச்சரிடம் விட்டுவிட்டுப் போனேன். நான் திரும்பி வரும்வரை மகள் அந்த டீச்சரோடு இருப்பாள் என்று ஏற்பாடு. என் கணவர் கடலில். திரும்பும்போது பஸ் தாமதம். ஒரு மணி தாண்டித்தான் சந்தியில் இறங்கி நடந்தேன். டீச்சர் கேற்றைப் பூட்டிக்கொண்டு நின்றார், தனியாக.

“புள்ள எங்க?”

“நீங்கதானே ஹோட்டல்காரர பைக்ல அனுப்பினீங்க? சந்தியில நிக்கிறீங்களாம், கூட்டி வரச் சொன்னீங்களாம்.” என் முகத்தைப் பார்த்ததும் டீச்சரின் குரல் மாறியது. “வார்த்தை சரியாச் சொன்னாரு டீச்சர். கணவாய் எண்டு சொன்னாரு. புள்ளையும் கையப் புடிச்சிட்டுப் போனிச்சு.”

வேலியைக் கட்டியவளும் நான்தான், கடப்பைத் திறந்து காட்டியவளும் நான்தான். நான் சந்தியிலிருந்துதான் வந்திருந்தேன். வழியில் ஒரு மோட்டார் சைக்கிளும் இல்லை.

ஹோட்டல்காரரின் நம்பருக்கு எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஹோட்டலுக்கு ஓடினேன். காலையிலிருந்தே அவரைக் காணவில்லை என்றார்கள். கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன். “களப்புப் பக்கம் ஒரு பைக் போச்சு, முன்னால ஒரு புள்ள இருந்திச்சு” என்றார் ஒருவர். ஊருக்குப் பின்னால், அலையில்லாத உப்பு ஏரிதான் களப்பு; அந்தப் பக்கம் வீடு கிடையாது. கருவாடு காயப்போடும் வாடி ஒன்று, அதற்கு அங்கால் கண்டல் பற்றை, அதற்கு அங்கால் தண்ணீர். நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதைத் தவிர வேறு ஒன்றும் எனக்கு வரவில்லை. மணல் சுட்டது பிறகுதான் தெரிந்தது, பாதமெல்லாம் கொப்புளம்.

வாடிக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் நின்றது. பக்கத்தில் அவர். அவருக்கு எதிரே, என் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த வாடிக்காரி.

இந்த மனுசியைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். ஊரில் அவர்களை இன்னும் ‘அகதி’ என்பவர்கள் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன், வெட்கக்கேடு. வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், அந்த வாயிலிருந்து வருவதெல்லாம் தூசணம். கருவாடு காயும் பாயை மிதித்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்க மாட்டார், பரம்பரையையே இழுப்பார். அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்லி வைத்திருந்தேன்.

என் மகள் ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். அவர் என்னைக் கண்டதும் சிரித்தார். எப்போதும் போல, அழகாக. “டீச்சர் வந்திட்டீங்களா? நல்லதாப் போச்சு. இந்த அக்காக்கு விளங்குதில்ல” என்றார்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. அந்தச் சிரிப்பைக் கண்டதும் எனக்கு மூச்சு வந்தது. அப்பாடா, ஒன்றுமில்லை என்று நினைத்தேன். அந்த மனுசியைப் பார்த்துத்தான் கத்தினேன்: “புள்ளைய விடுங்க! என்ன வேலை செய்றீங்க?”

அந்த மனுசி விடவில்லை. “நீ அனுப்பினியா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்ல.”

இல்லை என்று என் வாயால் சொன்ன பிறகுதான் எனக்கே அது கேட்டது.

“என்னட்ட முதல்ல சொன்னான், தாய் சந்தியில நிக்கிறாளாம். சந்தி அங்க இரிக்கு, இவன் இங்க வாறான். அதக் கேட்டா, புள்ளைக்கு ஆமைக் குஞ்சு காட்டப் போறானாம். ஆமை கடல் பக்கத்து மணலிலதானே முட்டை இடும். களப்புல ஏதுடா ஆமைக் குஞ்சு?” அந்த மனுசியின் இடுப்பில் மோட்டார் சைக்கிளின் சாவி செருகியிருந்தது. “என்ட பாயில ஏறி ஓடி எத்தின நாள் என்னட்ட ஏச்சு வாங்கின புள்ள இது. ஏசினாலும் பல்லக் காட்டிட்டு ஓடும். இண்டைக்குப் பல்லக் காணல்ல. சாவியப் புடுங்கிட்டன்.”

“சும்மா ஒரு விளையாட்டு டீச்சர்” என்றார் அவர். அப்போதும் சிரித்தார். கண்ணை மட்டும் பார்த்தேன், அதில் சிரிப்பு இல்லை. முதல் நாளும் இருந்திருக்காது. ஐந்து வயதுப் பிள்ளை கண்டதை முப்பத்தாறு வயதில் நான் காணவில்லை.

பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ். பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம். அங்கேயும் அவர் எழுந்து நின்று மரியாதையாகப் பதில் சொன்னார். ஆமைக் குஞ்சு காட்டத்தான் கூட்டிப் போனேன், டீச்சர்தானே பிள்ளைகளை என்னோடு பழக்கினார் என்றார். அதில் பாதி உண்மை, அதுதான் என்னைக் கொன்றது. இரண்டு நாளில் ஹோட்டலை விட்டும் போய்விட்டார். “நல்ல பொடியன், டீச்சர்தான் பெரிசாக்கிட்டா” என்று சொன்னவர்கள் ஊரில் உண்டு. இன்னும் சொல்கிறார்கள். அவர்களிடம் நான் கதைப்பதில்லை.

அன்றிரவு என் மகள் இரகசியத்தைச் சொன்னாள். அதுதான் அந்த ஆமைக் குஞ்சு. உம்மாவிடம் சொன்னால் குஞ்செல்லாம் செத்துவிடும் என்று காதில் சொல்லியிருக்கிறார். “நான் சொல்லிட்டன் உம்மா, குஞ்சு செத்திடுமா?” என்று கேட்டு அழுதாள். என் மடியில் கிடந்த பிள்ளைக்கு அப்போதும் கவலை ஆமைக் குஞ்சைப் பற்றித்தான். நானும் சேர்ந்து அழுதேன்.

மறுநாள் வாடிக்குப் போய் அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். பாடசாலைக்கு வந்து பிள்ளைகளோடு கதைக்கச் சொன்னேன். “எனக்கென்ன கதைக்கத் தெரியும்? வாயத் திறந்தா தூசணந்தான் வரும். உன்ட பள்ளிக்கூடம் நாசமாப் போயிடும்” என்று துரத்திவிட்டார். போகும்போது ஒரு பொட்டலம் கருவாட்டைக் கையில் திணித்தார்.

திங்கட்கிழமை, இன்னும் சுவரிலேயே இருந்த பிள்ளை பிடிகாரன் படத்தைக் கிழித்தேன். பிள்ளைகளைப் பாயில் உட்கார வைத்து, டீச்சர் பிழை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். கெட்ட ஆளுக்குச் சிவந்த கண் இருக்காது, சாக்கு இருக்காது, நல்லாச் சிரிப்பார், டொபி தருவார், உங்கள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார் என்றேன். முகத்தைப் பார்க்க வேண்டாம், என்ன கேட்கிறார் என்று பாருங்கள். உம்மாவிடம் சொல்லாதே என்று சொல்கிறாரா, தனியாக வா என்கிறாரா, நீங்கள் மாட்டேன் என்றால் கேட்காமல் சிரித்துச் சிரித்து இழுக்கிறாரா? பிடிக்காதவருக்குக் கை கொடுக்க வேண்டாம், தூர நின்று சலாம் சொன்னால் போதும். இனிமேல் கணவாய் இல்லை. யார் வந்து கூப்பிட்டாலும் போகக் கூடாது; உம்மாவோ வாப்பாவோ நேரில் வர வேண்டும், இல்லாவிட்டால் டீச்சர் போனில் கேட்டு, உங்கள் காதில் அவர்கள் குரல் விழ வேண்டும்.

பிள்ளைகள் தலையாட்டினார்கள். என் மகள் மட்டும் ஆட்டவில்லை. கடைசி வரிசையிலிருந்து கையை உயர்த்தினாள்.

“டீச்சர்.”

“என்ன?”

“டீச்சர் கூட்டி வந்த ஆளா இருந்தா?”

மற்ற டீச்சர் தலை குனிந்துகொண்டார். இருபத்திரண்டு பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“அப்பவும் போகக் கூடா” என்றேன். “டீச்சரே கையப் புடிச்சுக் குடுத்தாலும், போகக் கூடா.”

 அவள் உயர்த்திய கையை இறக்கி, மடிக்குள் வைத்து மற்றக் கையால் மூடிக்கொண்டாள்.