பெயர் கேட்காத அறிவித்தல்

ஆரையம்பதி அழகரத்தினம் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். முதலில் வானொலி திருத்தினார், பிறகு கணினி. மற்றவர்கள் எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்த நிரல்களை வரிவரியாக வாசித்தே நிரல் எழுதக் கற்றார். தமிழில் தட்டச்சு செய்யும் மென்பொருள் ஒன்றை வெளிநாட்டுத் தமிழர் சிலரோடு சேர்ந்து சம்பளமில்லாமல் பராமரித்தார். யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம். பழைய எழுத்துருக்களில் கோப்புகளைத் திறப்பதும் சேமிப்பதும் அவருடைய பகுதி. தொள்ளாயிரம் வரி.

2007இல் புதிய ஆவணங்கள் யூனிகோடுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பதிப்பிலும் அந்தப் பழைய பகுதியால் ஏதாவது பழுதானது. நீக்கிவிடலாமா என்று கூட்டாளிகள் கேட்டார்கள். அழகரத்தினம் அவசரப்படவில்லை. மென்பொருளைத் திறந்ததும் ஓர் அறிவித்தல் தெரியச் செய்தார்: இப்பகுதி நீக்கப்படவுள்ளது. பாவிப்பவர்கள் பெயர், ஊர், தேவை ஆகியவற்றை எழுதி அனுப்பவும். ஆறு மாதம் காத்திருந்தார். ஒருவரும் எழுதவில்லை. நீக்கினார்.

அந்த வாரம் காத்தான்குடியில் சபூராவின் தட்டச்சுக் கடைக்குக் கணினி திருத்தப் போனார். சபூராவிடம் கேட்டுக்கொண்டு புதிய பதிப்பையும் போட்டார். வேலை முடிகிற நேரம் கோணாமலை வந்தார். போரால் வவுணதீவுப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த விவசாயி. மகளின் பிறப்புப் பதிவு எரிந்துபோனதால், அதற்குப் பதிலாக நான்கு வருடம் முன்பு இங்கேதான் சத்தியக் கடதாசி அடித்து வாங்கியிருந்தார். ஓடி வந்ததில் அதுவும் தொலைந்துவிட்டது. அது இல்லாமல் மகளுக்கு அடையாள அட்டை கிடைக்காது. அட்டை இல்லாமல் சோதனைச் சாவடி தாண்டிப் பரீட்சைக்குப் போக முடியாது.

சபூரா கோப்பைத் திறந்தார். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது.

“என்னண்ணன் செஞ்சீங்க? காலையில நல்லாத்தானே இருந்த!”

“நீங்க இன்னும் பழைய எழுத்துருவிலயா அடிக்கிற?”

“ஆயிரத்தி எழுநூறு கடதாசி அதுலதான் கிடக்கு. பின்ன?”

“ஆறு மாசமா அறிவித்தல் வந்திச்சே தங்கச்சி. ஏன் எழுதல்ல?”

சபூரா அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். “பேரென்ன, ஊரென்ன, என்னத்துக்கு எண்டு கேட்டா ஆரண்ணன் எழுதுவா? ஆமி சுத்திவளைச்சு றவுண்டப்பில கேக்கிறதெல்லாம் இதுவும் கேக்குதே எண்டு, கண்டவுடன மூடிருவன்.”

“அத எழுதினது நான்தான்.”

“நீங்களா? நான் ஆமிக்காரன் எண்டுதான் நினைச்சன்!”

கோணாமலை சிரிக்கவில்லை. “தம்பி, என்ட மகள்ற கடதாசி வருமா, வராதா? அதச் சொல்லுங்க.”

“வரும் ஐயா. கொஞ்சம் இருங்க.”

அழகரத்தினம் பழைய பதிப்பை மறுபடி போட்டார். கட்டங்கள் எழுத்துகளாயின. சபூரா அச்சடித்துக் கொடுத்த கடதாசியை எடுத்துக்கொண்டு கோணாமலை சமாதான நீதவானிடம் ஒப்பம் வாங்கப் போனார்.

அப்படியொரு கேள்விக்குத் தானும் பதில் எழுதியிருக்க மாட்டோம் என்பது அழகரத்தினத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றே கூட்டாளிகளுக்கு எழுதினார்: “பதில் வராததால் ஆள் இல்லை என்று நினைத்தேன். இந்த ஊரில் இருந்துகொண்டே அப்படி நினைத்தது என் பிழை.”

ஆனால் நீக்கியதை முழுவதும் திரும்பச் சேர்க்க அவர் கேட்கவில்லை. பழைய எழுத்துருவில் இனி யாரும் புதிதாகச் சேமிக்க வேண்டியதில்லை. இருப்பதை வாசிக்க முடிந்தால் போதும். சேமிக்கும் அறுநூறு வரிகளை நீக்கியபடியே விட்டார். பழுதுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வந்திருந்தன. திறக்கும் முந்நூறு வரிகளை மட்டும் திரும்பச் சேர்த்தார். அறிவித்தலையும் மாற்றி எழுதினார்.

அடுத்த மாதம் சபூரா அதை முதல்முறையாகக் கடைசிவரை வாசித்தார்: “உங்கள் பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். பழைய கோப்புகள் இருந்தால் இங்கே அழுத்துங்கள். புதிய முறைக்கு மாற்றித் தரப்படும்.”

“இப்பதான் மனிசன் கேக்கிறமாதிரி இருக்கு,” என்றார். பிறகு அழுத்தினார்.