மூடச் சொன்ன கதவு

ஹட்டனில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் அலங்காரச் சட்டம் அடித்திருந்தோம். அதற்குள் அருவிப் படம் போட்ட வால்பேப்பர் ஒட்ட டயகமவிலிருந்து ஒருவர் வந்தார்.

"பனி உள்ள வந்தா ஓரம் ஒட்டாதுங்கக்கா. நான் சொல்றவரைக்கும் தொறக்காதீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. அறைக்குள் என் நகை இருக்கும் அலுமாரி. தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கும் சாக்கில் மூன்று முறை திறந்தேன். மூன்று முறையும் அவர் ஏணிமேல்தான் நின்றார்.

மறுநாள், கதவுப் பக்கம் படம் உரிந்திருந்தது. கணவர் அவரை அழைத்துச் சத்தம் போட்டார். வேலைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"என் தப்புதாங்க சார்."

கணவர் போனதும் அவர் பசையைக் கரைத்தபடியே மெதுவாகச் சொன்னார்: "இந்தத் தடவ நீங்களும் உள்ளேயே உக்காருங்கக்கா. தொறந்து பாக்க வேண்டியிருக்காது."

வேலை முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். சுவரைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.