லிசியாதேயின் இடது கை

மனாசேக்கு மனிதர்களைப் பிடிக்காது. அவர்களுடைய ஓரங்கள்தான் பிடிக்கும். ஒருவர் கடைக்குள் நுழைந்தால் இவன் முகத்தைப் பார்க்கமாட்டான். காது எங்கே முடிகிறது, தோளுக்கும் சுவருக்கும் நடுவில் வெளிச்சம் இருக்கிறதா, முடி நேரா சுருட்டையா என்றுதான் பார்ப்பான். சுருட்டை என்றால் வெட்டி எடுப்பது கஷ்டம், முகத்தைச் சுளித்துக்கொள்வான். ஊரே சுருட்டை முடியாக இருக்கிற டோங்காத் தீவில் கடை போட்டுவிட்டுச் சுருட்டை முடியைக் கண்டால் முகம் சுளிக்கிறவனை என்னவென்று சொல்வது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு அச்சகத்தில் பதினோரு வருஷம் இருந்தவன். விசா முடிந்ததும் பிடித்து அனுப்பிவிட்டார்கள். வரும்போது ஒரு கம்ப்யூட்டரையும், பழைய பிளக்ஸ் மிஷின் ஒன்றையும், இந்த ஊரில் இருக்கவேண்டியவனே நானில்லை என்கிற மூஞ்சியையும் கொண்டுவந்தான். முதல் இரண்டும் தலைநகர் நுகுஅலோஃபாவின் சந்தைக்குப் பின்னால், சீனர் மளிகைக்கடையை ஒட்டிய தகரக் கொட்டகையில் இருக்கின்றன. மூன்றாவது எப்போதும் அவனோடுதான் இருக்கும்.

சாவு, இருபத்தோராவது பிறந்தநாள், பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் கூட்டம், சர்ச் காணிக்கை விழா, எதற்கும் பேனர் வேண்டும். பேனர் என்றால் மனாசேதான், வேறு நாதி இல்லை. அவனுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் மூன்று வருஷமாக ஒரே வானத்தை வைத்தே பிழைப்பை ஓட்டிவந்தான். நீல வானம், தங்கப் படிக்கட்டு, இடது மூலையில் பன்றி மாதிரி ஒரு மேகம். இந்தத் தீவில் செத்தவர்கள் அத்தனை பேரையும் அந்தப் பன்றி மேகத்துக்குப் பக்கத்தில்தான் அனுப்பிவைத்தான். கோட்டும் ஒன்றுதான். ஏதோ துணிக்கடை விளம்பரத்தில் இருந்த வெள்ளைக்காரனை எடுத்துத் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, அந்தக் கழுத்தில் நாற்பது ஐம்பது பேருடைய தலையை வைத்திருப்பான்.

"எங்கப்பா ஒருநாள்கூட கோட்டு போட்டதில்லீங்களே" என்று ஒரு மீன்காரர் மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"செத்தப்புறமாவது போடட்டும்" என்றான் மனாசே. "ஓரம் பாரு. எங்கே ஒட்டியிருக்கேன்னு காட்டு பாப்போம்."

காட்ட முடியாது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வெட்டுவதில் அவன் சூரன். ஒவ்வொரு ஆளையும் ஒரு லேயரில் தனியாக எடுத்து, மயிரிழை மயிரிழையாகப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நிழல் விழவேண்டிய இடத்தில் நிழல் போட்டு, பத்து வருஷ இடைவெளியில் எடுத்த போட்டோக்களை ஒரே மத்தியானத்தில் எடுத்த மாதிரி செய்துவிடுவான். செய்து முடித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி அவனே ரசிப்பான். அந்தப் படத்தில் இருப்பது யார், யாருக்கு யார் என்ன உறவு, அந்தக் கவலையெல்லாம் அவனுக்குக் கிடையாது.

"ஒருநாள் நல்லா மாட்டிக்கப்போற" என்பாள் அவன் மனைவி லவினியா. பேனர்களுக்கு ஓரம் மடித்துத் தைத்து, கயிறு கட்ட வளையம் அடிப்பது அவள் வேலை. "போன மாசம் பாதிரியார் பொண்டாட்டியை அவளோட மாமியார் மடியில உக்காத்தி வச்ச."

"வெளிச்சம் ஒரே பக்கத்துலேர்ந்து வந்துச்சுடி. அதான்."

புதன்கிழமை காலையில் பெனி வந்தான். மேற்குப் பக்கத்து ஊர்க்காரன், முப்பது வயசிருக்கும். கருப்புச் சட்டை, இந்த ஊர்த் துக்க வழக்கப்படி இடுப்பில் முழங்கால் வரை தொங்கும் கிழிந்த பழம்பாய். அந்தப் பாயைப் பார்த்தாலே தெரியும், சாவு இவன் வீட்டில்தான், அங்கே அடுப்பு வேலையும் இவனுக்குத்தான்.

"லிசியாதே பெரியப்பா போயிட்டாருண்ணே."

"எத்தனை அடி?" என்றான் மனாசே.

பெனி போனை நீட்டினான். சர்ச் விருந்தில் எடுத்த போட்டோ. பெஞ்சில் லிசியாதே வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண். அவர் இடது கை அவள் முதுகுக்குப் பின்னால் போய், நான்கு விரல்கள் மட்டும் அவளுடைய அந்தப்பக்கத் தோளில் எட்டிப் பார்த்தன.

"இந்த ஒரு போட்டோலதான் சிரிக்கிறாரு. மத்ததெல்லாம் போலீஸ் ஸ்டேஷன்ல புடிச்ச மாதிரி இருக்கு. ஆனா பக்கத்துல இருக்குறவ வேணாம். அவரோட பொண்டாட்டிதான். ஆறு வருஷத்துக்கு முன்னாடி வேற ஒருத்தனோட சிட்னிக்குப் போயிட்டா. அவ மூஞ்சி தெரிஞ்சா எங்கப்பா பேனரைக் கொளுத்திடுவாரு. அவளைத் தூக்கிட்டு இலைசானே அத்தையை வைங்க. பேனரே அத்தை பிள்ளைங்க ஆக்லாந்துலேர்ந்து சொல்லி அனுப்புனதுதான்."

இலைசானே செத்தவருக்கு அக்கா, அந்தக் குடும்பத்தில் மூத்த பெண். சாவு வீட்டில் அப்படிப்பட்ட அத்தைக்கு மேலே ஆள் கிடையாது. பாதிரியார்கூட அவளுக்கு அப்புறம்தான். பிணத்தின் தலைமாட்டில் அவள் வந்து உட்கார்ந்தால்தான் எதுவும் தொடங்கும், அவள் தலையாட்டினால்தான் பெட்டியை மூடலாம். வியாழக்கிழமை இரண்டு மணி விமானத்தில் வருகிறாள்.

பெனி போனதும் மனாசே வேலையை ஆரம்பித்தான். ஓடிப்போன மனைவியைப் பத்து நிமிஷத்தில் தூக்கினான். அத்தையின் போட்டோ அவள் மகள் கல்யாணத்தில் எடுத்தது, ஊதா உடை, பெஞ்சுக்கு ஏற்ற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளை அந்த இடத்தில் வைத்தான். அச்சு வார்த்தாற்போல உட்கார்ந்தாள். மீதி இருந்தது அந்த நாலு விரல்.

இன்னொருவனாக இருந்தால் நாலு விரலையும் அழித்துவிட்டுப் போயிருப்பான். கை பின்னால் மறைந்து போனதாகப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள், கதை முடிந்திருக்கும். நம்ம ஆளுக்குத்தான் வித்தை பொங்கி வழிகிறதே! விரல்களை ஒவ்வொன்றாக வெட்டி, தனி லேயரில் போட்டு, அத்தையின் தோள்மேல் கொண்டுவந்து வைத்தான். கீழே மெல்லிசாக நிழல் போட்டான். அதோடு விட்டானா என்றால் இல்லை. விரல் அழுத்துகிற இடத்தில் ஊதாத் துணி கொஞ்சம் அமுங்கினாற்போல ஒரு பள்ளம் வரைந்தான். அந்தப் பள்ளத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆக்லாந்து முதலாளி பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பெனிக்குப் போனில் அனுப்பினான். பெனி குழியடுப்புக்குக் கல் சுமந்துகொண்டிருந்தான். புகையில் கண்ணைச் சுருக்கி, கட்டைவிரல் அகலத்துக்குத் தெரிந்த படத்தைப் பார்த்து, பெரியப்பா சிரிக்கிறார், அத்தை இருக்கிறாள், சரி என்று பதில் போட்டான். லவினியா துணியைக் கவிழ்த்துப் போட்டுத் தைத்தாள். நிமிர்த்திப் பார்த்திருந்தால் தைத்திருக்கமாட்டாள்.

வியாழக்கிழமை காலை வீட்டு முகப்பில் மூன்று மீட்டர் பேனரைக் கட்டினார்கள். பாயில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பாட்டு நின்றது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

மனாசேயின் போன் அடித்தது.

"அண்ணே, அந்த விரல் யாரோடது?" என்றான் பெனி.

"உங்க பெரியப்பாவோடதுதான். பாத்தியா, கீழ நிழல் எப்படி..."

"யாரு தோள் மேல இருக்கு?"

மனாசே போனைக் காதில் வைத்தபடியே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். படத்தைத் திரையில் திறந்து, இரண்டு நாளில் முதல்முறையாக அதில் இருந்த மனிதர்களைப் பார்த்தான்.

இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன்தானே இவன்? பையனுக்குப் பத்து வயசானால் அக்கா தங்கை படுக்கும் கூரைக்கடியில் படுக்கமாட்டான், தனிக் குடிசைக்குப் போய்விடுவான். அக்கா உள்ளே வந்தால் தம்பி வெளியே போவான். ஒரே பாயில் உட்காரமாட்டார்கள், ஒன்றாக டிவி பார்க்கமாட்டார்கள். அவள் முன்னால் ஒரு கெட்ட வார்த்தை வாயில் வந்தால் ஊரே காறித் துப்பும். அப்படிப்பட்ட அக்காவை, எழுபது வயசுக் கிழவியை, தம்பியே தன் பொண்டாட்டியை அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டு சிரிக்கிறான். அதுவும் மூன்று மீட்டருக்கு, சாவு வீட்டு வாசலில். குழந்தைக்குக்கூடக் கண்ணில் படுவது இந்த மேதாவிக்குப் படவில்லை.

"கழட்டிடு, கழட்டிடு" என்றான் மனாசே.

"எங்கப்பா விடமாட்டேங்கிறாரு. அக்கா வீட்டுலேர்ந்து அனுப்புன பேனர், அக்கா மூஞ்சி இருக்கு, அவ வர்றதுக்கு முன்னாடி இறக்க நாம யாருங்கிறாரு. இறக்குனாலும் அவமானம், தொங்குனாலும் அவமானம். இதைப் பாத்துட்டு அத்தை வாசலோட திரும்பிட்டாங்கன்னா பெட்டியை யாருண்ணே மூடுறது? பெரியப்பாவை எப்படிப் பொதைக்கிறது? நீயே வந்து சொல்லு!"

புதிதாக அடிக்கலாம் என்றால் பிளக்ஸ் ரோல் தீர்ந்துபோயிருந்தது, கப்பல் சனிக்கிழமைதான் வரும். மனாசே யோசித்தான். யோசித்தால் அவனுக்கு வருவது ஒரே யோசனைதான், இன்னொரு லேயர். ஊதாத் தோளை மட்டும் ஸ்டிக்கர் தாளில் அடித்து, விரல்மேல் ஒட்டிவிடலாம். அடித்துக்கொண்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு, அரைக்கால் சட்டையோடு வண்டியில் ஏறப்போனான்.

"இடுப்புல பாய் இல்லாம சாவு வீட்டுக்குப் போறியா?" லவினியா ஒரு பாயை அவன் மூஞ்சியில் விட்டெறிந்தாள். "இருக்குற மரியாதையும் போகட்டும்னு நெனச்சியா?"

"இப்ப பேசாத."

"நான் பேசல. அங்க பேசுவாங்க."

பேசத்தான் செய்தார்கள். மனாசே ஏணியில் ஏறி ஸ்டிக்கரை ஒட்டினான். கடையில் ஊதாவாக இருந்தது வெயிலில் கத்திரிக்காய் நிறமாகத் தெரிந்தது. சூட்டில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கடல் காற்று வீசும்போதெல்லாம் ஓரம் தூக்கிக்கொள்ள, நாலு விரலும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன.

"மறைச்சப்புறம்தான் இன்னும் அசிங்கமா இருக்கு" என்றாள் கீழே ஒருத்தி.

"விரலு எண்ணிக்காட்டுது பாரு" என்றாள் இன்னொருத்தி. "நம்ம ஆக்லாந்து இஞ்சினியர் நல்லாத்தான் தேய்க்கிறாரு. தேய்ங்க, தேய்ங்க, கரைஞ்சிரும்."

மனாசே உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தான். இடுப்புப் பாய் நழுவியது, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டான். தாமதமாக வருவதையே பழக்கமாக வைத்திருக்கும் விமானம் அன்றைக்கென்று பார்த்து நேரத்துக்கு வந்துவிட்டது. வேன் வாசலில் நின்றது.

பெனியின் அப்பா வீட்டுக்குப் பின்பக்கம் போய் மறைந்தார். பெண்கள் தலையைக் குனிந்தார்கள். இலைசானே இறங்கினாள். கனத்த உடம்பு, வீங்கிய கால்கள், இடுப்பில் பொன்னிறத்தில் மெல்லிய பழைய பாய். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏணி மேல இருக்குறது யாரு?"

"பேனர் செஞ்சவரு, அத்தை" என்றான் பெனி.

"எதைத் தேய்க்கிறான்? அந்த ஸ்டிக்கரை எடுக்கச் சொல்லு."

மனாசே எடுத்தான். காற்று நின்றிருந்தது. நாலு விரலும் தோளில் கிடந்தன. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் திரும்பி வேனில் ஏறினால் தான் எந்த வழியாக ஓடுவது என்று மனாசே யோசித்தான்.

"இறங்கு. யாரு வீட்டுப் பையன் நீ?"

அப்பா பெயரைச் சொன்னான்.

"கூடப் பொறந்த பொண்ணுங்க உண்டா?"

"ரெண்டு பேரு."

"அவங்க தோள்ல என்னிக்காவது கை வச்சிருக்கியா?"

"இல்லீங்க."

"அப்ப வெட்டி ஒட்டும்போது உன் கையே உனக்குச் சொல்லியிருக்கணும். சொல்லல. நல்ல கைதான், கெட்டது மேல இருக்கு." அவன் நெற்றியை நோக்கி விரலைக் காட்டினாள். "துணி அமுங்கியிருக்கே, அது எப்படி?"

"நான்தான் வரைஞ்சேன்."

"தொடாத கை அமுக்குமா? அதையும் நீயே முடிவு பண்ணிக்கிட்ட." அவள் பெனியின் பக்கம் திரும்பினாள். "பேனரை இறக்கு. கத்தரிக்கோல் கொண்டாரச் சொல்லு."

பேனரைப் புல்லில் விரித்தார்கள். பாய் முடைகிறவள் ஒருத்தி கத்தரிக்கோல் கொடுத்தாள். இலைசானே சிரமப்பட்டு மண்டிபோட்டு, தன் உருவத்தைத் தானே வெட்ட ஆரம்பித்தாள். கோணல்மாணலாக, ஓரத்தில் இரண்டு விரல் அகலம் பெஞ்சும் வானமும் சேர்ந்து வர வெட்டினாள். அதைக் கண்டு மனாசேக்கு உடம்பெல்லாம் அரித்தது. தோள் வந்தபோது அந்த நாலு விரலும் தன் உருவத்தோடேயே வரும்படி சுற்றிக்கொண்டு போனாள். உருவம் தனியாக வந்தது. மிஞ்சிய பேனரில் லிசியாதே சிரித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் ஓட்டை.

"குடுங்க அத்தை" என்று பெனி குனிந்தான். "அந்த விரலை மட்டும் கத்தரிச்சுடறேன்."

"தொட்டின்னா உன் விரல் போயிரும்."

பெனி கையை இழுத்துக்கொண்டான். இலைசானே அந்தத் துண்டைத் தோள் உள்பக்கம் வரும்படி சுருட்டினாள்.

"பத்து வயசுல இவனைப் பசங்க குடிசைக்கு அனுப்புனாங்க" என்றாள், யாரையும் பார்க்காமல். "அதுவரைக்கும் என் முதுகுல ஒட்டிக்கிட்டுத்தான் தூங்குவான். அதுக்கப்புறம் நான் வர்ற வழியிலகூட நிக்கமாட்டான். அம்பத்தெட்டு வருஷம். நல்ல தம்பி. மரியாதை தெரிஞ்சவன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மீதியைத் தொங்கவிடுங்க. ஓட்டையோட இருக்கட்டும், கேக்கறவங்ககிட்ட நான் வெட்டுனேன்னு சொல்லுங்க."

எழுந்து நின்றதும் மனாசேயைக் கூப்பிட்டாள்.

"இது எத்தனை வருஷம் நிறம் போகாம இருக்கும்?"

"வெயில்ல வைக்காட்டி பத்து வருஷம்."

"எனக்கு அது போதும்" என்றாள். சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய், தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.